நாற்பது மூட்டையும் ஒரு நேர்மையான திருடனும்

அத்தியாயம் 3

"பதினேழாம் நம்பர் மூட்டை, முப்பத்தொரு கிலோ இருநூத்திச் சொச்சம். பதினெட்டு, அதே முப்பத்தொண்ணு இருநூறு. பத்தொன்பது, அதுவும் அதே. மேடம், நாப்பது மூட்டையிலயும் அளந்து வச்சாப்ல ஒரே அளவுதான் எடுத்திருக்கான். இவ்ளோ நேர்மையான திருடனை நான் பார்த்ததே இல்லை. கல்யாணப் பந்தியில பாயசம் ஊத்த இவனைத்தான் கூப்பிடணும்."

உரக் கிடங்கில் முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்த ஜெக்கரியாவின் சட்டை முழுக்க வெள்ளை மாவு. தஞ்சாவூர் கீழவாசலில், ஜெராக்ஸ் கடை மாடியில் இருக்கும் செம்மொழி துப்பறியும் நிலையத்தில் உதவியாளன் அவன். கறுப்புக் கண்ணாடி, கார் துரத்தல் என்று என்னென்னவோ கனவோடு வேலைக்குச் சேர்ந்தவன். நாலு வருஷத்தில் அவன் துரத்தியதெல்லாம் மாப்பிள்ளைகளைத்தான். குடிப்பாரா, ஏற்கெனவே கல்யாணம் ஆனவரா, தலையில் இருப்பது சொந்த முடியா என்று பெண் வீட்டாருக்காக விசாரித்து விசாரித்தே அவனுக்கு வாழ்க்கை வெறுத்துவிட்டது. கடைசியில் நிஜமான ஒரு திருட்டு வந்ததே என்று துள்ளிக் குதித்துக் கிளம்பி வந்தால், திருடு போனது வயலுக்குப் போடுகிற உப்பு!

உப்பு என்றால் குழம்பில் போடுகிற உப்பு இல்லை. ஜிங்க் சல்பேட். துத்தநாகச் சத்து. அது குறைந்தால் நெல்லின் இலை துருப்பிடித்தாற்போல் பழுத்து, பயிர் வளராமல் குன்றிவிடும். அதனால் நடவு சமயத்தில் ஏக்கருக்குப் பத்து கிலோ என்று டெல்டாக்காரர்கள் மணலோடு கலந்து தூவுவார்கள். திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒன்பது கிலோமீட்டரில் இருக்கும் பூவாளிக்கோட்டகம் உழவர் சங்கத்துக்கு, சம்பா நடவுக்கென்று புரட்டாசி முதல் வாரம் நாற்பது மூட்டை வந்து இறங்கியது. மூட்டைக்கு ஐம்பது கிலோ, மொத்தம் இரண்டாயிரம். எடை போட்டுத்தான் இறக்கினார்கள். பத்து நாள் கழித்து மறுபடி நிறுத்துப் பார்த்தால் ஆயிரத்து இருநூற்று நாற்பத்தொன்பதுதான் இருக்கிறது. எழுநூற்று ஐம்பத்தொரு கிலோவைக் காணோம். கிடங்குச் சாவியோ ஒரே ஒருத்தியின் இடுப்பில்தான் தொங்கியது.

அந்த ஒருத்திதான் தையல்நாயகி. இந்த வழக்கின் கட்சிக்காரி. பதினோரு வருஷமாகக் கிடங்குப் பொறுப்பாளர். அவளைப் பெற்றவர்கள் இதே ஊரில் அடுத்தவன் வயலில் நாற்று நட்டவர்கள். அவர்களுடைய கீழத்தெருவிலிருந்து சங்கத்துக்குள் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்த முதல் ஆள் அவள்தான். இன்று மாலை நாலு மணிக்குச் சங்கத்தின் பொதுக்கூட்டம். அதில் அவளை வேலையை விட்டு நீக்கித் தீர்மானம் போட்டு, கையோடு போலீஸுக்குப் புகார் எழுதி அனுப்பப் போகிறார்கள். இப்போது மணி காலை பத்து.

"திருடன் மூட்டையைத் தூக்குவான் ஜெக்கரியா. இல்லைன்னா ரெண்டு மூணு மூட்டையை அவுத்துக் கைக்கு வந்ததை அள்ளுவான்," என்றாள் துப்பறியும் செம்மொழி. நாற்பத்தைந்து வயது, பருத்திச் சேலை, தோளில் ஒரு துணிப்பை. பார்த்தால் எல்.ஐ.சி. ஏஜெண்ட் என்று நினைத்து ஆட்கள் ஒதுங்கிப் போவார்கள். தொழிலுக்கு அது ரொம்ப வசதி. "ஊர்ல நாப்பது வீட்டு முற்றத்துலயும் ஒரே அளவு தண்ணி நின்னா, யாரோ குடத்தைத் தூக்கிட்டுப் போய் ஊத்துனாங்கன்னா சொல்லுவே?"

"மழை பேஞ்சிருக்குன்னு சொல்லுவேன்."

"அதான். இங்க பேஞ்ச மழை எதுன்னு பார்ப்போம், வா."

கிடங்கு வாசல் படியில் தையல்நாயகி உட்கார்ந்திருந்தாள். உள்ளே வரக் கூடாதென்று அவளுக்கு உத்தரவு. பதினோரு வருஷம் அவள் கூட்டிப் பெருக்கிய கிடங்கு! செம்மொழி அவள் பக்கத்திலேயே படியில் உட்கார்ந்துகொண்டாள்.

"லாரியில வந்தப்ப சரக்கு எப்படிம்மா இருந்துச்சு?"

"கல்கண்டுப் பொடியாட்டம் மின்னுச்சுங்க மேடம். கையில அள்ளுனா சில்லுன்னு இருந்துச்சு. அப்புறம் செயலாளர் ஐயா ஈரமா இருக்குன்னு சொல்லி மில்லுக்கு அனுப்பிக் காயவச்சாரு. ரெண்டு நாள் கழிச்சுத் திரும்பி வந்தப்ப கோலமாவாட்டம் வெளுத்துப் போயிருந்துச்சு. காஞ்சா அப்படித்தான்னாரு. அவரு சொன்னா நாம என்னத்தைப் பேசுறது?"

"திரும்பி வந்தப்ப நிறுத்தீங்களா?"

"எண்ணச் சொன்னாங்க. நாப்பது இருந்துச்சு. கையெழுத்துப் போட்டேன். அதுதான் நான் பண்ணுன தப்பு."

 

"ஊரு ஆயிரம் பேசட்டும் மேடம்," என்றாள் தையல்நாயகி. "முந்தாநாளு சாப்பிட உக்காந்தவரு, எங்க வீட்டுக்காரரு, தட்டுல கை வைக்காம என்னையே பார்க்குறாரு. 'எங்கிட்டயாவது நெசத்தைச் சொல்லு தையலு, எடுத்தியா?'ன்னாரு. பதினாலு வருஷம் எங்கூடக் குடும்பம் நடத்துனவரு கேக்குற கேள்வியா மேடம் அது? ஜெயிலுக்குக்கூடப் போயிடுவேன். அதை மட்டும் என்னால தாங்க முடியலை."

அவளுடைய கணவன் அறிவுச்செல்வன் அறுவடை மெஷின் ஓட்டுகிறவன். தூரத்தில் எங்கேயோ குறுவை அறுக்கிற மெஷினின் இரைச்சல் கேட்டது. அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

*

செயலாளர் மருதையன் தன் அறையில் நெல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

நிஜமாகவேதான். ஒரு விவசாயி முடிந்து கொண்டுவந்த நெல்லில் ஒரு மணியை எடுத்துக் கடைவாயில் வைத்து 'நறுக்'கென்று கடித்தார். கண்ணை மூடினார். கச்சேரியில் ஸ்ருதி பார்க்கிறவரைப் போலத் தலையை ஆட்டினார். "பத்தொன்பது. இன்னொரு வெயில் காயட்டும், போ."

அரசுக் கொள்முதல் நிலையத்தில் இருபத்துநாலு வருஷம் பட்டியல் எழுதி ஓய்வு பெற்றவர் அவர். ஈரப்பதம் பதினேழுக்கு மேல் இருந்தால், பெற்ற அப்பனின் நெல்லாக இருந்தாலும் திருப்பி அனுப்பியவர். அனுப்பியும் இருக்கிறார், அப்பா சாகும்வரை அவரோடு பேசவில்லை. யாரிடமும் ஒரு டீகூட வாங்கிக் குடித்ததில்லை. இப்படிப்பட்ட நேர்மையான மனிதர்களிடம்தான் ஊர் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். திருடனாவது சமயத்தில் யோசிப்பான்.

"உப்பைக் காயவச்சீங்களாமே?" என்றாள் செம்மொழி.

"பின்னே? இறக்குனதும் முதல் மூட்டையில ஒரு கை அள்ளி மீட்டர்ல போட்டேன். முள்ளு கடைசிவரைக்கும் போயி முட்டிக்கிட்டு நின்னுடுச்சு. அவ்வளவு ஈரச் சரக்கை எவன் கிடங்குல ஏத்துவான்?"

"அது நெல்லு மீட்டர்தானே சார்?" என்றான் ஜெக்கரியா.

"ஈரம் ஈரம்தான் தம்பி. நெல்லுல இருந்தா ஒரு ஈரம், உப்புல இருந்தா வேற ஈரமா?"

ஜெக்கரியா நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். மூன்று பாடத்தில் அரியர் இருந்தாலும் அவன் கெமிஸ்ட்ரி படித்தவன்.

"புழுங்கல் அரிசி மில்லு டிரையர்ல போட்டேன். நானே நாற்காலி போட்டு எதிர்ல உக்காந்துகிட்டேன். ரெண்டு பகல், ரெண்டு ராத்திரி. ஒரு மூட்டை சரக்கு இன்னொண்ணோட கலக்காம, தட்டு தட்டா, நம்பர் போட்டுக் காயவச்சேன். விவசாயி நெல்லை அப்படித்தான் வச்சுக்கணும்னு விதி. வந்த பை நாறிக் கிடந்துச்சு, அதை அங்கயே அடுப்புல போட்டுட்டுப் புதுச் சாக்குல மாத்துனேன். மில்லுல ஒரு குண்டுமணிகூடப் போகலை. போனதெல்லாம் கிடங்குலதான்."

"சூடு எவ்வளவு இருக்கும்?"

"புழுங்கலுக்கு வைக்கிறதுதான். நூறு டிகிரியை ஒட்டி."

"காயவச்சா எடை குறையுமே சார்?"

மருதையன் சிரித்தார். அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல மேஜை மேலிருந்த புகார்க் கடிதத்தைத் திருப்பிக் காட்டினார். "அது எனக்குத் தெரியாதாம்மா? இருபத்துநாலு வருஷம் நெல்லுல கிடந்தவன். அதுக்குத்தான் நூத்துக்கு மூணு கிலோ காய்ச்சல் கழிவு குடுத்திருக்கேன். அறுபது கிலோவை நானே தள்ளிட்டேன். அந்தப் பொண்ணு மேல எழுநூத்தைம்பத்தொண்ணுன்னா எழுதியிருக்கேன்? அறுநூத்தித் தொண்ணூத்தொண்ணுன்னுதான் எழுதியிருக்கேன். எனக்கும் மனசாட்சி இருக்குல்ல?"

"அறுநூத்தித் தொண்ணூத்தொரு கிலோவை அந்தம்மா எதுல சார் கொண்டு போயிருக்கும்?" என்றான் ஜெக்கரியா. "அவங்ககிட்ட இருக்கிறது ஒரு ஓட்டை ஸ்கூட்டி. அதுல ரெண்டு பேரு ஏறுனாலே பாலத்துல இறங்கித் தள்ளணும்."

"அதைக் கண்டுபிடிக்கிறது போலீஸ் வேலை."

வெளியே இன்னொரு விவசாயி நெல் முடிச்சோடு வந்து நின்றார். மருதையன் மறுபடியும் ஒரு மணியை எடுத்துக் கடித்தார்.

"ஏன் சார் பல்லைப் போட்டுக் கஷ்டப்படுத்துறீங்க? மீட்டர் என்ன ஆச்சு?" என்று ஏதோ குசலம் விசாரிக்கிறாற்போலக் கேட்டாள் செம்மொழி.

"பழுது. பீரோவுல இருக்கு," என்று கையைக் காட்டிவிட்டு, அவர் கண்ணை மூடி ஈரப்பதத்தில் ஆழ்ந்துவிட்டார்.

செம்மொழி கிளம்பும்போது கிடங்கிலிருந்து இரண்டு கைப்பிடி மாவைப் பொட்டலம் கட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். யாரும் தடுக்கவில்லை. எழுநூறு கிலோ போன இடத்தில் இது ஒரு பொருட்டா?

*

திருத்துறைப்பூண்டி கடைத்தெருவில் அப்துல் ஜலீலின் நகைக்கடை. போன வருஷம் அவருடைய மகளுக்குப் பார்த்த ஒரு மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு குடும்பம் இருப்பதைச் செம்மொழி கண்டுபிடித்துச் சொன்னாள். அதிலிருந்து அவள் என்ன கேட்டாலும் ஜலீல் பாய் மறுத்ததில்லை. இன்று அவள் கேட்டது தங்கத் தராசும், தங்கம் உருக்குகிற மண் கிண்ணமான மூசையும், கேஸ் விளக்கும்.

"உப்பை உருக்கவா வந்தீங்க?" என்றார் ஜலீல்.

"உருக்க வேணாம் பாய். சூடு பண்ணி, அதுக்குள்ள இருக்கிற தண்ணியை வெளியில விரட்டணும். முன்னாடி எவ்வளவு, பின்னாடி எவ்வளவுன்னு பார்க்கணும். அவ்வளவுதான்."

"இதுலயா தண்ணி இருக்கு? மாவாட்டம் காஞ்சு கிடக்கு!"

"சிலது அப்படித்தான் பாய். மேல ஒட்டியிருக்கிற ஈரம் இல்லை, உள்ளயே குடியிருக்கிற தண்ணி. வீட்டுக்காரன் ஜிங்க் சல்பேட்டுன்னு வச்சுக்கங்க. அவன் வீட்டுல தண்ணி வாடகைக்குக் குடியிருக்கு. ஒரு வீட்டுல எத்தனை குடித்தனம்னு கணக்கா இருக்கும். கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. சூடு பண்ணுனா காலி பண்ணிட்டுப் போயிடும்."

மூசையில் இருபது கிராம் மாவை நிறுத்துப் போட்டார்கள். விளக்கை வைத்துக் காய்ச்சி, ஆறவிட்டு நிறுத்தார்கள். மறுபடி காய்ச்சி, மறுபடி நிறுத்தார்கள். எடை இனிமேல் குறைவதில்லை என்று தராசு அடம்பிடித்தபோது அதில் பதினெட்டு கிராம் இருந்தது. ரெண்டு கிராம் ஆவி.

"ஜெக்கரியா, உன் படிப்புக்கு வேலை வந்திருக்கு. போடு கணக்கை."

ஜெக்கரியா நகை ரசீதின் பின்பக்கத்தில் எழுதினான். "வீட்டுக்காரனோட மூலக்கூறு எடை நூத்தறுபத்தொண்ணரை. தண்ணிக்குப் பதினெட்டு. பதினெட்டு கிராமை நூத்தறுபத்தொண்ணரையால வகுத்தா பாயிண்ட் ஒண்ணு ஒண்ணு. போன ரெண்டு கிராமைப் பதினெட்டால வகுத்தா அதுவும் பாயிண்ட் ஒண்ணு ஒண்ணு. ஒண்ணுக்கு ஒண்ணு. மேடம், இந்த வீட்டுல ஒரே ஒரு குடித்தனம்தான்!" பெருமையோடு நிமிர்ந்தவனின் முகம் அப்படியே தொங்கிப்போனது. "ஐயையோ. இது நமக்கு எதிரால்ல போகுது? கடையில ரெண்டு வகை விக்குது. ஏழு குடித்தனம் உள்ளதும் விக்குது, ஒத்தைக் குடித்தனமும் விக்குது. வந்தப்பவே ஒத்தையாத்தான் வந்துச்சுன்னு அந்த ஆளு சாதிச்சா? டிரையர்ல போக ஈரமே இல்லைன்னு ஆயிடும். தையல்நாயகி அக்கா கதை முடிஞ்சுது."

"அதான் சிக்கல்."

"பில்லுல பார்த்தீங்களா?"

"ஜிங்க் சல்பேட் நாப்பது மூட்டைன்னு மொட்டையா இருக்கு."

"பையில அச்சடிச்சிருக்குமே?"

"பையை அடுப்புல போட்டுட்டாரே."

"மின்னுச்சுன்னு அந்தக்கா சொன்னது?"

"திருடின்னு எழுதி வச்சவங்க அவ சொன்னதை எடுத்துக்குவாங்களா? காயாத உப்பு ஒரு சிட்டிகை வேணும் ஜெக்கரியா. லாரியில வந்தது வந்தபடி. வீடு எத்தனை குடித்தனத்தோட வந்துச்சுன்னு அதுதான் சொல்லும்."

"நாப்பது மூட்டையையும் ஒரு மணி விடாம வறுத்தெடுத்துட்டாரே அந்த மகராசன்! இனி காயாத உப்புக்கு எங்க போறது?"

மணி ரெண்டரை. கூட்டத்துக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம்தான். மாப்பிள்ளை விசாரணையில் தோற்றால் ஒரு கல்யாணம் நடக்கும், அவ்வளவுதான். இதில் தோற்றால் அந்தப் படியில் உட்கார்ந்திருக்கிற பெண் ஜீப்பில் ஏறுவாள்.

செம்மொழி மட்டும் பதற்றமே இல்லாமல் ஜலீல் வாங்கி வைத்த இஞ்சி டீயைக் குடித்தாள். பிறகு, "இருபத்துநாலு வருஷம் மீட்டரைக் கையில வச்சிருந்த மனுஷன் எதுக்குய்யா பல்லால நெல்லைக் கடிக்கிறாரு?" என்றாள்.

"மீட்டர் பழுதுன்னாரே."

"என்னிக்குப் பழுதாச்சு? எதைப் போட்டப்ப பழுதாச்சு?"

ஜெக்கரியா ரசீதைக் கீழே போட்டான். "மேடம்!"

"பாய், கடையைப் பையன்கிட்ட விட்டுட்டு வாங்க. தராசு, விளக்கு, மூசை எல்லாத்தையும் எடுத்துக்கங்க. பூவாளிக்கோட்டகத்துல உங்களுக்கு ஒரு கச்சேரி இருக்கு."

*

சங்கக் கட்டடத்தின் முன்னால் சாமியானாவுக்குக் கீழே நூற்றைம்பது பேர். புகார்க் கடிதத்தை மருதையன் நின்றபடி வாசித்து முடித்திருந்தார். கடைசி வரிசையில் லுங்கியும் கிரீஸ் கறை படிந்த சட்டையுமாக அறிவுச்செல்வன் உட்கார்ந்திருந்தான். தையல்நாயகி மேடைக்குப் பக்கத்தில் நின்றாள். யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை.

"தீர்மானத்துக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை," என்று செம்மொழி மேடையேறினாள். "ஐயா, பழுதான மீட்டரைக் கொஞ்சம் கொண்டு வரணும்."

"அது எதுக்கு? அது முத்திரை வச்சது. பிரிக்கணும்னா தீர்மானம் போடணும்."

"போட்டா போச்சு!" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள். அந்தச் சங்கத்தின் சரித்திரத்திலேயே இவ்வளவு சீக்கிரம் நிறைவேறிய தீர்மானம் கிடையாது.

மீட்டர் வந்தது. பாலிதீன் பைக்குள் போட்டு, பையைச் சுற்றி டேப் ஒட்டி, டேப்பின் மேல் அரக்கு வைத்து, அரக்கின் மேல் சங்க முத்திரை குத்தி, 'பழுது, பிரிக்கக் கூடாது' என்று தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டிருந்தார் மருதையன். ஒரு பிணத்தைக்கூட இவ்வளவு மரியாதையாகக் கட்டமாட்டார்கள்.

"இது எப்படிப் பழுதாச்சுன்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க ஐயா."

"உப்பைப் போட்டுத் திருகுனேன். திருகு இறுகிக்கிச்சு. திரும்பவே மாட்டேன்னுடுச்சு. அப்படியே கட்டி வச்சுட்டேன்."

"என்னிக்கு?"

"லாரி வந்த அன்னிக்குத்தான். தேதி போட்டிருக்கேன்ல?"

"அதுக்கப்புறம் யாராவது தொட்டாங்களா?"

"என் முத்திரையை மீறியா?" மருதையனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ரொம்ப நன்றிங்க," என்றாள் செம்மொழி. இத்தனை பேர் முன்னால், சாட்சி தன் வாயாலேயே சாட்சிக்கூண்டில் ஏறி நின்றுகொண்டது. ஜெக்கரியா அரக்கை உடைத்து, குறடு வைத்துத் திருகைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கினான். மீட்டரின் கிண்ணம் திறந்தது. உள்ளே, நசுங்கிக் கிடந்தாலும், கல்கண்டுப் பொடியாக மின்னியது உப்பு. லாரியில் வந்தது வந்தபடி.

ஜலீல் பாய் வேலையை ஆரம்பித்தார். சுரண்டி எடுத்து நிறுத்ததில் பதினொன்றரை கிராம். மூசையில் போட்டு விளக்கைக் காட்டினார். உப்பு முதலில் குழைந்தது, கொதித்தது, புஸ்ஸென்று ஆவி விட்டது. முன்வரிசை எழுந்து நின்றது. பின்வரிசை நாற்காலிமேல் ஏறியது. மூன்று தடவை காய்ச்சி, மூன்று தடவை நிறுத்தார்கள். கடைசியில் நின்றது ஆறு புள்ளி நாலு ஏழு.

"பாதிக்குப் பாதி போயிடுச்சே!" என்றார் ஜலீல், தன்னை மறந்து. "எங்க கடையில பத்து சதவீதம் சேதாரம்னாலே ஜனங்க சண்டைக்கு வருவாங்க. இது நாப்பத்து நாலு!"

ஜெக்கரியா கரும்பலகையில் கணக்குப் போட்டான். மிஞ்சியது ஆறு புள்ளி நாலு ஏழு. நூற்றறுபத்தொன்றரையால் வகுத்தால் பாயிண்ட் ஜீரோ நாலு. போனது ஐந்து புள்ளி ஜீரோ மூன்று. பதினெட்டால் வகுத்தால் பாயிண்ட் இரண்டு ஏழு ஒன்பது. ஒன்றை ஒன்றால் வகுத்து ஆறு புள்ளி ஒன்பது ஏழு என்று எழுதி, அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் ZnSO₄·7H₂O என்று எழுதினான். 

"ஏழு குடித்தனம்," என்றாள் செம்மொழி. "லாரியில வந்தப்ப வீட்டுக்கு ஏழு தண்ணி. இப்ப சாக்குல இருக்கிற மாவை மத்தியானம் பார்த்தோம், ஒண்ணுதான். நடுவுல ஆறைக் காலி பண்ணுனது யாரு? நூறு டிகிரி டிரையர். எதிர்ல நாற்காலி போட்டு உக்காந்து பார்த்தது யாரு? ஐயா. ஏழு தண்ணியோட ஐம்பது கிலோ இருந்த மூட்டை, ஆறு போயிட்டா எவ்வளவு இருக்கணும்? ஜெக்கரியா?"

"முப்பத்தொரு கிலோ இருநூத்திச் சொச்சம் மேடம்."

 நூற்றைம்பது பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

"அப்ப ஜிங்க் போயிடுச்சா?" என்று ஒருவர் பதறினார்.

"ஒரு துளிகூடப் போகலைங்க. போனது தண்ணிதான். சத்து முழுசா அப்படியே இருக்கு. ஏக்கருக்குப் பத்து கிலோ போட்ட இடத்துல இனி ஆறேகால் போட்டா போதும்."

மருதையன் கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்துநாலு வருஷத்து நெல் அவர் கண்ணெதிரே குவிந்து கிடந்ததோ என்னவோ! கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஏழுன்னு சொல்றீங்க. ஆறு புள்ளி ஒன்பது ஏழுன்னுதானே வந்திருக்கு? மிச்சப் பாயிண்ட் ஜீரோ மூணு எங்க?" என்றார்.

"அதைத்தான் சார் அந்தக்கா ஸ்கூட்டியில வச்சுக் கொண்டு போயிட்டாங்க!" என்றான் ஜெக்கரியா. சாமியானாவே குலுங்கிச் சிரித்தது.

மருதையன் சிரிக்கவில்லை. ஆனால் நேர்மையான மனிதராயிற்றே! புகார்க் கடிதத்தை எடுத்து எல்லார் முன்னாலும் நாலாகக் கிழித்தார். தீர்மானப் புத்தகத்தைப் பிரித்து எழுதினார். எழுதியதை வாசித்தார்: "எழுநூற்று ஐம்பத்தொரு கிலோ, காய்ச்சல் கழிவாகத் தள்ளுபடி செய்யப்படுகிறது."

"அவ்வளவுதானா?" என்றாள் தையல்நாயகி. 

"வேற என்னம்மா? அதான் தள்ளுபடி ஆயிடுச்சே. சாவியை வாங்கிக்க."

"இதுல என் பேரு எங்க?"

"உன் பேரு எதுக்கு இதுல?"

"திருடிட்டேன்னு எழுதுனப்ப என் பேரை எழுதுனீங்கல்ல? எங்க அப்பா பேரு, வீட்டுக்காரரு பேரு, தெருப் பேரு எல்லாம் போட்டு எழுதுனீங்கல்ல? இப்பவும் அதே மாதிரி எழுதுங்க. நான் எடுக்கலைன்னு எழுதுங்க."

"அப்படி எழுத விதியில வாசகம் இல்லம்மா. தள்ளுபடின்னுதான் எழுத முடியும்."

"நான் என்ன ஈரமா, தள்ளுபடி பண்றதுக்கு? எழுதுங்கய்யா!"

அவள் குரல் கட்டடத்தில் மோதித் திரும்பியது. இப்படிப் பேசுவாள் என்று அந்த ஊரில் யாரும் நினைத்ததில்லை. முன்வரிசையிலிருந்து ஒரு கிழவர் கைத்தடியைத் தரையில் தட்டி, "எழுதுய்யா மருதையா, பேனா தேஞ்சா போயிடும்?" என்றார். மருதையன் விதிப் புத்தகத்தை ஒருமுறை பார்த்தார். அதை மூடி வைத்தார். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தி நீட்டினார்.

தையல்நாயகி சாவியைத் தொடவில்லை. தாளை மட்டும் வாங்கிக்கொண்டு நாற்காலிகளுக்கு நடுவே கடைசி வரிசைவரைக்கும் நடந்து போனாள். அறிவுச்செல்வன் எழுந்து நின்றான்.

"படிங்க."

அவன் படித்தான். உதடு மட்டும்தான் அசைந்தது.

"சத்தமா."

"பூவாளிக்கோட்டகம் கீழத்தெரு அய்யாவு மகளும் அறிவுச்செல்வன் மனைவியுமான தையல்நாயகி, மேற்படி சரக்கில் எதையும் எடுக்கவில்லை."

"இன்னொரு தரம்."

இரண்டாவது தடவை பாதியிலேயே அவன் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தான். தாளை மடிக்கத் தெரியாதவன்போல இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, ஊரே பார்த்திருக்க, "தையலு, அன்னிக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது," என்றான்.

"ஆமாம்," என்றாள் தையல்நாயகி. "கேட்டிருக்கக் கூடாது."

அவன் கையிலிருந்து தாளை வாங்கி, மடித்துத் தன் பர்ஸுக்குள் வைத்துக்கொண்டாள். மேடைக்குத் திரும்பி வந்து சாவியை எடுத்துக்கொண்டு கிடங்கைத் திறக்கப் போனாள்.